திருப்பிச் சொல்லு பாப்பம்

அந்த மனிதரை ஒரு வருசம் முழுவதும் நான் திட்டித் தீர்த்திருக்கிறேன். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் புள்ளமடுவத்தில் எனக்கு வேலை. விடிந்ததும் அதைத் திறக்கப் போகிற வழியில்தான் அவருடைய ஆஸ்பத்திரி இருந்தது. ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தகரக் கூரை, நான்கு கட்டில், ஒரு மருந்து அலமாரி. கழுத்துத் துணியைக் காதுவரைக்கும் சுற்றிக்கொண்டு அவர் வாசலில் நிற்பார். என்னைக் கண்டால் தலையை ஆட்டுவார். நான் மறுபக்கம் திரும்பிக் காறித் துப்பிவிட்டு, "கொலகாரப் பாவி" என்று அவர் காதில் விழும்படி சொல்லிவிட்டுத்தான் போவேன். ஒரு நாள்கூட அவர் பதில் சொன்னதில்லை. பதில் சொல்லாததற்கும் சேர்த்து மறுநாள் இரண்டு திட்டு அதிகம்.

இப்போது எனக்கே தலை நரைத்துவிட்டது. அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதிவைக்க யாருக்காவது கடமை இருக்கிறதென்றால் அது எனக்குத்தான்.

இலங்கை மலைநாட்டில் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. ஆட்கள் அவரை டாக்டரய்யா என்பார்கள். உண்மையில் அவர் டாக்டர் இல்லை, மருந்து கலக்கிக் கொடுக்கிற டிஸ்பென்சர். யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் குளிர் அவருக்குக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆடி மாதத்து மழையில் மூக்கொழுக நின்றுகொண்டு, "இது மனுசர் இருக்கிற இடமோ" என்று வானத்தைப் பார்த்துக் கேட்பார். ஆனால் லீவில் ஊருக்குப் போனால் இரண்டு நாள் முந்தியே திரும்பி வந்துவிடுவார்.

காற்சட்டை போட்ட ஆட்கள் எங்கள் வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, வந்தால் வெளியே நின்றுதான் பேசுவார்கள். கணக்குப்பிள்ளைகூட ஒற்றை அறைக் காம்பராவுக்குள் கால் வைக்க மாட்டார். இவர் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் சப்பாத்தைக் கழற்றுவார், காலுறையையும் கழற்றி அதற்குள் திணிப்பார், பிறகு குனிந்து உள்ளே வருவார். அடுப்படியில் கிடக்கிற மணைப்பலகையை இழுத்துப் பாயருகில் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஆள் நல்ல உயரம். மணையில் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் தாடைக்கு வந்துவிடும். பிள்ளைகள் சிரிக்கும்.

"சிரியுங்கோ, சிரியுங்கோ. ஊசி என்னட்டைத்தான் இருக்கு" என்பார்.

காய்ச்சல், வயிற்றோட்டத்துக்கெல்லாம் நின்றபடியே மருந்து சொல்லிவிட்டுப் போய்விடுவார். இனித் தேறுவது கஷ்டம் என்று அவர் கணித்த ஆளிடம்தான் உட்காருவார். அதனால் "டாக்டரய்யா உக்காந்துட்டாரு" என்று யாராவது சொன்னாலே லயத்தில் ஒப்பாரி கேட்டுவிடும்.

உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்பார். மூச்சு நின்றுபோனால் போடுவதற்கு அவரிடம் ஒரு நெஞ்சூசி இருந்தது. கூடவே, டவுன் ஆஸ்பத்திரியில் பழகிக்கொண்டு வந்த புது வேலை ஒன்று. நெஞ்சுக்கூட்டின் மேல் இரண்டு கையையும் வைத்து விடாமல் அமுக்குவது. இதெல்லாம் உனக்கு வேண்டுமா, வேண்டாமா? இதை அவர் வீட்டு ஆட்களிடம் கேட்க மாட்டார். சாகக் கிடக்கிற ஆளிடமே கேட்பார்.

"ஒளிக்காமச் சொல்லுறன். நான் அமுக்கி எழும்பின ஆக்கள் ஒண்டு ரெண்டு பேர்தான். எழும்பினவையும் பழையபடி நடந்து திரிஞ்சவை எண்டில்லை. எலும்பு முறியும், நோகும். ஆனா சிலருக்கு இன்னும் கொஞ்ச நாள் கிடைச்சிருக்கு. உங்களுக்கு என்ன விருப்பம்?"

எங்கள் வழக்கம் வேறு. படுத்துவிட்ட ஆளின் காதில் சாவு என்ற சொல் விழக்கூடாது. விழுந்தால் கூப்பிட்டதுபோல அது வந்துவிடும். ஆண்பிள்ளைகள் வெளியே கங்காணியோடு குசுகுசுத்து முடிவெடுப்பார்கள். பாயில் கிடப்பவருக்கு, "ஒண்ணுமில்ல, வெறும் சளிதான்" என்பதோடு சரி. அப்படிப்பட்ட இடத்தில் இவர் கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்தால் சும்மா இருப்பார்களா? இந்த ஆள் சீக்காளிகளைப் பயமுறுத்தியே கொல்கிறார் என்று பெரிய கங்காணி துரையிடம் பிராது சொன்னார். துரை கூப்பிட்டு விசாரித்தார். இவர் இங்கிலீசில் என்ன சொன்னாரோ, எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தது இவ்வளவுதான்: "சாகப்போறது அவை. பிறகு ஆரைக் கேக்கிறது?"

கேள்வி கேட்க அவருக்கு வந்தது. பதில் சொல்லத்தான் எங்களுக்கு வரவில்லை. எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவில் ஒரு கிழவர் இருந்தார். தேயிலைச் செடியைக் குனிந்து கவ்வாத்து வெட்டி வெட்டியே முதுகு வளைந்துபோனவர். நெஞ்சில் நீர் கோத்திருந்தது. டாக்டரய்யா உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினார். கஞ்சி கொடுக்கப் போன நான் கதவோரம் நின்று கேட்டேன்.

"அப்ப, ஊசி போடவோ?"

"சரிங்கய்யா."

"இல்லாட்டி, போடாம விடவோ?"

"சரிங்கய்யா."

டாக்டரய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களைத் தூக்கிக்கொண்டு போய் ஆத்துக்குள்ளை போடவோ?"

"சரிங்கய்யா."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. டாக்டரய்யாவும் சிரித்தார். கிழவர் மட்டும் சிரிக்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்கய்யா. தொர சொன்னாலும் சரிங்கய்யா, கணக்கப்புள்ள சொன்னாலும் சரிங்கய்யா. சின்னப் பயலா பெரட்டுல போயி நின்ன நாள்லேருந்து எங்க வாயில அது ஒண்ணுதாங்க வருது."

பெரட்டு என்பது காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கிற இடம். அங்கே வேறு பதில் சொன்னவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. டாக்டரய்யாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. எழுந்து போனார். மறுநாள் வந்தார். மணையை இழுத்துப் போட்டார்.

"நேத்து நான் என்ன சொன்னனான்? உங்கடை வாயாலை திருப்பிச் சொல்லுங்கோ பாப்பம்."

கிழவருக்கு ஒரு வார்த்தை நினைவில்லை. மறுபடி முதலிலிருந்து சொன்னார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். கடைசியில் கிழவர் கண்ணை மூடிக்கொண்டு, வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளையைப்போலச் சொன்னார். "மூச்சு நின்னுருச்சின்னா நெஞ்ச அமுக்குவீங்க. எலும்பு ஒடையும். பொழச்சாலும் பொழைப்பேன், பெரும்பாலும் போயிருவேன்."

"அதுதான். இப்ப சொல்லுங்கோ. வேணுமோ, வேண்டாமோ?"

தினமும் "என்னையக் கொண்டுக்கிட்டுப் போக மாட்டேங்கிறியே" என்று எமனைக் கூப்பிட்டுக்கொண்டு கிடந்த கிழவர் அவர். வேண்டாம் என்பார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

"போடுங்கய்யா. இன்னும் ஒரு நா வெயில் காஞ்சாலும் லாபந்தான்" என்றார்.

அவர் மூச்சு நின்றபோது டாக்டரய்யா அந்தக் குளிரிலும் வேர்வை சொட்டச் சொட்ட அமுக்கினார். கிழவருக்கு உயிர் திரும்பவில்லை. டாக்டரய்யா இஸ்தோப்பில் உட்கார்ந்து சப்பாத்தை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, அது தெரியாமலே பாதி வழி போய்விட்டார்.

அதிலிருந்து "திருப்பிச் சொல்லு பாப்பம்" தோட்டம் முழுவதும் பரவிவிட்டது. கடைக்குப் பிள்ளையை அனுப்புகிற தாயும் சொன்னாள், சண்டையில் புருசனும் பெண்சாதியும் சொன்னார்கள். அவரும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வார்.

அவர் எல்லாரையும் ஒரே மாதிரி நெருக்கினார் என்று நினைக்க வேண்டாம். மேட்டு லயத்தில் ஒரு பெண் வயிற்றுக் கட்டியோடு கிடந்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எங்க வீட்டுக்காரு என்னா சொல்றாரோ அதான்" என்றாள். கேட்டுவிட்டுப் போய்விட்டு, இரண்டு நாள் கழித்து வந்தார். அப்போதும் அதையே சொன்னாள். "சரி, அதுவும் ஒரு பதில்தான். அது உன்ரை பதில் எண்டால் எனக்குக் காணும், வேறை தேவையில்லை" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் அவள் புருசனிடம் பேசினார்.

இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கள் காம்பராவில் அவர் வந்து உட்காரும்வரைக்கும்.

என் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில், ஸ்டோர் என்போம், கொழுந்து அரைக்கிற இடத்தில் வேலை செய்தார். வயது முப்பத்திரண்டு. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் நெஞ்சில் தங்கிவிட்டது என்று டவுன் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். கால் இரண்டும் வீங்கிக்கொண்டு வந்தது. மலைத்தண்ணீர் விழுகிற பீலிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் மூன்று இடத்தில் உட்காருவார். எங்களுக்கு ஒரே மகள், நான்கு வயது.

டாக்டரய்யா எப்படியும் வருவார் என்று தெரியும். நானே போய் வழியில் மறித்தேன்.

"ஐயா, அவர்கிட்ட மட்டும் கேக்காதீங்க. பயத்துலயே செத்துருவாரு. ஊசி, அமுக்குறது, எதையும் விடாதீங்க. எல்லாத்தையும் பண்ணுங்க. நான் சொல்றேன்ல."

"பிள்ளை, உன்ரை மூச்சுக்கு உன்னட்டைக் கேப்பன். இது அவன்ரை மூச்சு" என்றார்.

வந்தார், உட்கார்ந்தார், ஒளிக்காமல் சொன்னார். என் வீட்டுக்காரர் ஒரே தடவையில் அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டார். கெட்டிக்காரர். பிறகு என்னைப் பார்த்தார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவரையே முறைத்துக்கொண்டு நின்றேன்.

"போடுங்கய்யா" என்றார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சோற்றில் கை வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். டாக்டரய்யா சப்பாத்துக்கூடப் போடாமல் ஓடிவந்தார். ஊசி போட்டார், அமுக்கினார். விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது என் வீட்டுக்காரர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். டாக்டரய்யா காலில் விழுந்து "சாமி, சாமி" என்று கும்பிட்டேன். டவுனுக்குக் கொண்டுபோய் வைத்திருந்து, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு அவர் கிடந்த கிடை இருக்கிறதே. இரும முடியாது. ஒருக்களித்துப் படுக்க முடியாது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது சந்தோசமாகத்தான் இருந்தது. முனகல் கேட்டால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அது அவருக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை.

டாக்டரய்யா மறுபடி வந்து மணையை இழுத்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதான் அன்னக்கே சொல்லிட்டாருல்ல? திரும்ப எதுக்குங்க கேக்குறீங்க?"

"அண்டைக்குக் கேட்டது தெரியாத ஆளிட்டை. இப்ப அவனுக்கு எல்லாம் தெரியும்."

"எனக்குத் தாகமா இருக்கு புள்ள. பீலித் தண்ணி கொஞ்சம் கொண்டுக்கிட்டு வா" என்றார் என் வீட்டுக்காரர். குடத்தில் தண்ணீர் இருந்தது. இருந்தாலும் போனேன். திரும்பி வந்தபோது டாக்டரய்யா இஸ்தோப்பில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னா கேட்டாரு?"

"சும்மா பேசிக்கிட்டிருந்தோம்."

அன்று மாலை ரொட்டியும் சம்பலும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மகளை மேலே ஏறாமல் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு கதை சொன்னார். பத்துப் பதினோரு நாள் அப்படி. வலி இருந்தது. ஆனால் முகம் தெளிந்திருந்தது. நான் தேறுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் நடுப்பகலில் பக்கத்துக் காம்பராக்காரி புள்ளமடுவத்துக்கு ஓடிவந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டரய்யா எனக்கு முந்தி வந்து மணையில் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் கை அவர் கைக்குள் இருந்தது. மருந்துப் பெட்டி மூடியபடி பக்கத்தில் கிடந்தது.

"ஊசி போடுங்கய்யா! என்னா பாத்துக்கிட்டிருக்கீங்க?"

அவர் அசையவில்லை. நானே பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்து அவர் கையில் திணித்தேன். வாங்கித் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

"விடு பிள்ளை" என்றார்.

இரண்டு கையாலும் அவரை அடித்தேன். முகத்தில்தான் அடித்தேன். கண்ணாடி தெறித்து அடுப்படியில் விழுந்தது. பெண்கள் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் தடவித் தடவிக் கண்ணாடியைத் தேடி எடுத்தார். சாவுக்குத் தப்பு மேளம் அடிக்கிறவர்கள் வரும்வரை அங்கேயே இருந்தார்.

பெரிய கங்காணிக்குக் கொண்டாட்டம். மறுபடி துரையிடம் பிராது போனது. என்ன நடந்ததோ, டாக்டரய்யா வேலையில் இருந்தார். ஒரு பக்கம் விரிசல் விழுந்த கண்ணாடியோடு தினமும் அந்த வாசலில் நின்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே நான் வேலைக்குப் போய்விட்டேன். தைரியக்காரி என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். தைரியமும் இல்லை, ஒன்றும் இல்லை. விடிந்தால் அந்த ஆளைத் திட்ட வேண்டும். பாயைவிட்டு எழும்ப எனக்கு இருந்த காரணம் அது ஒன்றுதான். போகிற வழியில் திட்டிவிட்டால் நெஞ்சு கொஞ்சம் இறங்கும். பிறகு தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகளைப் பார்க்கலாம், பால் கலக்கலாம், மகளுக்குத் தலை வாரலாம்.

வருசத் தெவசம் வந்தது. காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு உள்ளே வந்தேன். இஸ்தோப்பில் சப்பாத்துக் கழற்றுகிற சத்தம். கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு டாக்டரய்யா நின்றார். என்ன துணிச்சல் பாருங்கள்! நான் வாயைத் திறக்கும் முன்னே அவர் பேசிவிட்டார்.

"பிள்ளை, உன்ரை மனுசன் ஒரு சொல் சொல்லிவிட்டவன். வருசம் திரும்பினாப் பிறகுதான் சொல்லவேணும் எண்டவன். அதைச் சொல்ல வந்தனான். அண்டைக்கு நீ பீலிக்குப் போன நேரம், இனி ஊசியும் வேண்டாம், அமுக்கவும் வேண்டாம் எண்டிட்டான். இந்தக் காம்பராவிலையே விடச் சொன்னவன். பிறகு நீ வேலைக்குப் போன நேரத்திலை ரெண்டு தரம் வந்து கேட்டனான். மாறேல்லை."

"பொய்" என்றேன். "எங்கிட்ட சொல்லாம அவரு எதையும் செய்ய மாட்டாரு."

"அவளிட்டைச் சொல்லுவம் எண்டு நானும் அவனைக் கேட்டனான். தெரிஞ்சா நீ அழுதழுது சோறு போடுவாயாம். அந்தச் சோறு தொண்டையாலை இறங்காதாம்."

"செத்தப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல? ஒரு வருசம்... நாயத் திட்டுற மாதிரி திட்டியிருக்கேனே ஐயா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். விரிசல் அப்படியே இருந்தது.

"அதையும் அவன் யோசிச்சு வைச்சிருந்தவன். 'எம்மேல கோவம் வந்துச்சின்னா அவ படுத்துருவா. உங்கமேல கோவம் வந்துச்சின்னா எந்திரிச்சி வேலைக்குப் போவா. திட்டுவா, வாங்கிக்கிருங்கய்யா' எண்டான். நான் சரி எண்டனான்."

எங்கள் ஆட்கள் சொன்ன ஒரு "சரி"யைக்கூட நம்பாதவர், என் வீட்டுக்காரரிடம் ஒரு சரி சொல்லிவிட்டு ஒரு வருசம் அதைச் சுமந்திருக்கிறார். யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அடுப்படியில் கிடந்த மணையை அவர் பக்கம் தள்ளிவிட்டு நானும் கீழே உட்கார்ந்தேன். அவர் உட்கார்ந்தார். முழங்கால் தாடைக்கு வந்தது. என் மகள் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

டாக்டரய்யா மெதுவாகக் கேட்டார். "விளங்கிச்சோ பிள்ளை? திருப்பிச் சொல்லு பாப்பம்."

"சரிங்கய்யா" என்றேன். வாய் அதைத்தான் சொன்னது.

அவர் இல்லை என்று தலையை அசைத்தார். காத்திருந்தார்.

"அவரு... வேணாம்னு சொல்லிட்டாரு" என்றேன். "நீங்க கொல்லல. அவருதான் வேணாம்னாரு. நான் படுத்துறக் கூடாதுன்னு, உங்களத் திட்டச் சொல்லிட்டுப் போயிட்டாரு."

"அதுதான்" என்றார்.

என் வீட்டுக்காரருக்காக நான் அன்றைக்குத்தான் அழுதேன். அதற்கு முந்தி அழுததெல்லாம் ஆத்திரம்.

மறுநாள் எழும்ப முடியவில்லை. என் வீட்டுக்காரர் சொன்னபடியே படுத்துவிட்டேன். பாயில் கிடந்துகொண்டே, என்னை இவ்வளவு சரியாகக் கணித்து வைத்திருந்தாரே என்று நினைத்து நினைத்து அழுதேன். அதற்கு அடுத்த நாள் மகள் வந்து தலை வாரிவிடச் சொன்னாள். எழும்பினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரய்யா கழுத்துத் துணியைக் காதுவரைக்கும் சுற்றிக்கொண்டு நின்றார். தலையை ஆட்டினார். நான் அந்த இடத்தில் ஒரு வருசத்தில் முதல் தடவையாக நின்றேன்.

"என்னாங்கய்யா, இன்னக்கி ரொம்பக் குளிரா?" என்றேன்.

"இது மனுசர் இருக்கிற இடமோ" என்றார்.